சால்வைக்குள் மதிப்பெண்

எங்கள் துறையில் வாயைத் திறப்பதற்கு முன் அனுமதி வாங்க வேண்டும். துறையின் முழுப்பெயர் தொடர்பியல், சொல்லாட்சி மற்றும் நிகழ்த்துகலைத் துறை. திருப்பதியில் பல்கலைக்கழகங்களுக்குப் பஞ்சமா என்ன. எங்களுடையது எது என்று நான் சொல்லப்போவதில்லை. சொன்னால், இதைச் சொல்ல இவளுக்கு யார் அனுமதி கொடுத்தது என்று ஒரு கமிட்டி போடுவார்கள். நான் ஏற்கெனவே ஒரு கமிட்டியைப் பார்த்துவிட்டேன். போதும்.

துறைத் தலைவர் பேராசிரியர் ஸௌரிராஜனிடம் எதையாவது கேட்க வேண்டுமென்றால், கேள்வியை வெள்ளைத்தாளில் எழுதி, மூன்று பிரதி எடுத்து, அலுவலகக் கண்காணிப்பாளர் சந்திரம்மாவிடம் கொடுக்க வேண்டும். அவர் அதை ரிஜிஸ்டரில் ஏற்றி, எண் போட்டு, ஒரு வாரம் ஊறவைத்து உள்ளே அனுப்புவார். எம்.ஏ. சேர்ந்த முதல் வாரம், "இன்று மதியம் வகுப்பு உண்டா?" என்று எழுதிக் கொடுத்தேன். பதினோராம் நாள் பதில் வந்தது. "ஆம்" என்று பச்சை மையில் எழுதி, கீழே கையெழுத்தும் முத்திரையும் இருந்தன. அந்தத் தாள் இன்னும் என்னிடம் இருக்கிறது.

ஸௌரிராஜன் கெட்டவர் என்று சொல்ல மாட்டேன். சந்தேகம் பிடித்தவர். அதற்குக் காரணமும் இருந்தது. தெலுங்கில் மொட்டைக் கடிதத்துக்கு ஆகாசராமண்ணா கடிதம் என்று பெயர். அந்த ஆகாசராமண்ணா எங்கள் துறையைப் பற்றி மாதத்துக்கு ஒரு கடிதம் துணைவேந்தருக்கு எழுதிக்கொண்டிருந்தார். கடிதங்கள் அத்தனை அழகாக இருக்குமாம். எடுப்பு, தொடுப்பு, முடிப்பு எல்லாம் துறையின் பாடப்புத்தகத்தில் சொன்னபடியே இருக்குமாம். அதனால் எழுதுவது எங்களில் ஒருவர்தான் என்று தலைவர் முடிவு கட்டினார். பரீட்சைத் தாளில் யார் இரண்டு வரி நன்றாக எழுதினாலும் அறைக்குக் கூப்பிட்டு விசாரணை நடத்தினார்.

இரண்டாம் செமஸ்டரிலேயே நாங்கள் ஒன்பது பேரும் மோசமாக எழுதத் தேறிவிட்டோம். கௌஸ்துப் மட்டும் பாவம், ரொம்பக் கஷ்டப்பட்டான். மேலே திருமலையில் கோயில் கைங்கரியம் செய்யும் குடும்பம் அவனுடையது. சின்ன வயதிலிருந்து பிழையில்லாமல் சொல்லிப் பழகியவன். வீட்டில் உட்கார்ந்து தப்பும் தவறுமாக எழுதப் பயிற்சி எடுத்துக்கொண்டு வருவான்.

பாடம் நடந்ததா என்று கேட்டால், நடந்தது. 'கேட்டல்' என்று ஒரு தாள். அதைத் தலைவரே எடுத்தார். பிறர் சொல்வதைக் காது கொடுத்துக் கேட்பது எப்படி என்று வாரம் மூன்று மணி நேரம் பேசுவார். நடுவில் ஒருவன் கையைத் தூக்கினால், அதைக் கீழே இறக்கும்வரை கண்ணை மூடிக்கொண்டு பேசுவார். 'வெளியில் உடல்' என்று இன்னொன்று. அதில் வராந்தாவில் மரமாக நிற்க வேண்டும். நான் மரமாக நின்றிருந்தபோது பிசிக்ஸ் பையன் ஒருவன் வந்து என்மேல் சைக்கிளைச் சாய்த்துவிட்டு கேன்டீனுக்குப் போனான். மரம் பேசாதே, நானும் பேசவில்லை. எழுபத்தெட்டு மார்க் கிடைத்தது.

கைதட்டலுக்குத் தனியாக இருபத்தைந்து மார்க். துணைவேந்தருக்கு ஒரு மாதிரி, மந்திரிக்கு ஒரு மாதிரி, கட்டடம் கட்டிக் கொடுத்தவருக்கு ஒரு மாதிரி, பேச்சை ஒருவழியாக முடித்தவருக்கு ஒரு மாதிரி. வளாகத்தில் எந்த மண்டபம் காலியாக இருந்தாலும் எங்களைத்தான் அனுப்புவார்கள். இரண்டு வருடத்தில் நாற்பத்தொரு கூட்டத்துக்குப் போய்த் தட்டியிருக்கிறேன். என்ன கூட்டமென்று கேட்டால் ஒன்றுகூட நினைவில்லை.

இதையெல்லாம் பார்த்து எனக்குச் சந்தேகம் வராமல் இருக்குமா? சந்தேகம் எங்கள் வீட்டுச் சொத்து. நாகலாபுரத்துக்குக் கிழக்கே, அங்கே இருந்து ஒரு கல் எறிந்தால் தமிழ்நாட்டில் விழும் ஊர் எங்களுடையது. சொந்தமாக ஒரு காணி நிலம் இல்லாத குடும்பம். என் அப்பா, நைனா முனிசாமி, பத்தொன்பது வயதில் சித்தூர் மாங்காய் மண்டிக்குக் கூடை தூக்கப் போனவர். இப்போது அங்கே தரகர். அவர் பழத்தை நம்ப மாட்டார், பழம் வந்த கூடையை நம்ப மாட்டார், கூடையின் அடியில் விரித்த வைக்கோலையும் ஒரு தடவை புரட்டிப் பார்ப்பார். கையை நீட்டிய மனிதனை மட்டும் நம்புவார். அந்த ஒரு நம்பிக்கையில்தான் மண்டியே ஓடுகிறது.

என் ஆய்வேடு அதைப் பற்றித்தான். மண்டியில் விலையை வாயால் சொல்ல மாட்டார்கள். விற்பவர் ஒரு பக்கம், வாங்குபவர் ஒரு பக்கம், நடுவில் தரகர். தரகர் தோள் துண்டை எடுத்து இருவர் கைமேலும் போட்டு, தன் கையையும் உள்ளே வைத்துக்கொள்வார். துண்டுக்குள் ஒரு விரலைப் பிடித்தால் ஒன்று, இரண்டு விரல் என்றால் இரண்டு, முழுக்கை ஐந்து. முழுக்கையைப் பிடித்துவிட்டு மேலே மூன்று விரல் பிடித்தால் எட்டு. பத்தா நூறா என்பதை மட்டும் தரகர் முதலிலேயே வாய்விட்டுச் சொல்லிவிடுவார். சுற்றி ஐம்பது பேர் நின்றாலும் ஒருவருக்கும் விலை தெரியாது. எண்பத்துநான்கு பக்கம் ஆங்கிலத்தில் எழுதினேன், முடிந்தவரை மோசமாக.

இதற்கிடையே ஆகாசராமண்ணா ஆர்.டி.ஐ. சட்டத்தைக் கண்டுபிடித்துவிட்டார். வாய்மொழித் தேர்வில் யார் எத்தனை மார்க் போட்டது, எதற்காகப் போட்டது, குறிப்புத் தாளின் நகல் வேண்டும் என்று கேள்வி வந்தது. தலைவர் இரண்டு நாள் சாப்பிடவில்லையாம். அந்தச் சமயத்தில்தான் என் தலைப்பைப் பற்றி ஐந்து நிமிடம் சொல்லச் சொல்லி என்னைக் கூப்பிட்டார். சொன்னேன். கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் கேட்டார்.

"காகிதமே கிடையாதா?"

"கிடையாது சார்."

"சத்தம்?"

"இல்ல சார்."

"சாட்சி?"

"தரகரைத் தவிர யாருக்கும் தெரியாது சார்."

அவர் முகத்தில் அப்படி ஒரு சாந்தத்தை நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

எனக்கு அந்த மார்க் எத்தனை முக்கியம் என்பதைச் சொல்லிவிடுகிறேன். ஸ்ரீ சிட்டி தொழிற்பேட்டையில் புதிதாக வந்த ஒரு தொழிற்சாலையில் எனக்கு வேலை சொல்லியிருந்தார்கள். தமிழ்நாட்டுப் பக்கமிருந்தும் ஆந்திரப் பக்கமிருந்தும் ஆட்கள் பஸ் பஸ்ஸாக வந்து இறங்கிக்கொண்டிருந்த சமயம் அது. எந்த மெஷினில் கையை விடக் கூடாது என்பதை இரண்டு பாஷையிலும் அவர்களுக்குப் புரியும்படி சொல்ல ஒரு ஆள் வேண்டும். அந்த ஆள் நான். 2010 ஜூன் பதினான்கு, திங்கட்கிழமை காலை எட்டு மணிக்கு புரொவிஷனல் சர்டிபிகேட்டோடு கேட்டில் நிற்க வேண்டும். ஆய்வேட்டில் ஐம்பத்தைந்துக்குக் குறையக் கூடாது. நிற்காவிட்டால் பட்டியலில் அடுத்த பெயருக்குப் போய்விடும். எங்கள் தெருவில் கழுத்தில் அடையாள அட்டை மாட்டி வேலைக்குப் போனவர் அதுவரை யாரும் இல்லை.

ஜூன் முதல் வாரம் வாய்மொழித் தேர்வு. வெளித்தேர்வாளர் டாக்டர் குரவய்யா, பக்கத்து மாவட்டத்திலிருந்து வந்தார். தலைவர் எங்களை நிற்கவைத்து ஒரு உரை ஆற்றினார். தகவல் தொடர்பின் உச்சம் என்பது தகவல் வெளியே போகாமல் இருப்பதுதான் என்றார். இதுவரை மதிப்பெண்ணைக் காகிதத்தில் எழுதி அசுத்தப்படுத்திவிட்டோம், இனிமேல் நம் மண்ணின் மரபுப்படி தொட்டு உணர்ந்து முடிவு செய்வோம் என்றார். நாங்கள் துணைவேந்தருக்கான கைதட்டலைத் தட்டினோம்.

துண்டு கௌரவக் குறைவாக இருக்கும் என்று, விருந்தினருக்குப் போர்த்தும் ஜரிகைச் சால்வை ஒன்றை எடுத்து வைத்தார்கள். மாணவன் உள்ளே போக வேண்டும், வணக்கம் சொல்ல வேண்டும், வெளியே வர வேண்டும். பிறகு இரு பேராசிரியர்களும் சால்வைக்குள் கையை விடுவார்கள். குரவய்யா முடிவை மட்டும் பட்டியலில் எழுதி உறையில் போட்டு ஒட்டுவார். முதல் நாள் மூன்று பேருக்கு நடந்தது. சாயங்காலம் சந்திரம்மா பட்டியலைப் பலகையில் ஒட்டினார். கௌஸ்துப் பதின்மூன்று. பிரியங்கா எட்டு. தேர்வுக்கே வராத பவன்குமார் நூறு.

நடந்தது என்னவென்று எனக்குப் பார்த்தவுடன் புரிந்துவிட்டது. கௌஸ்துப்புக்கு எண்பத்தைந்து போடலாம் என்று தலைவர் முழுக்கையைப் பிடித்து, மூன்று விரலைப் பிடித்து, மறுபடியும் முழுக்கையைப் பிடித்திருக்கிறார். பத்தா ஒன்றா என்று வாய்விட்டுச் சொல்லவில்லை. வாயே திறக்கக் கூடாது என்பதுதானே ஏற்பாடு. குரவய்யா ஐந்து, மூன்று, ஐந்து என்று கூட்டிப் பதின்மூன்று எழுதிவிட்டார். பிரியங்காவின் எண்பது இதே கணக்கில் எட்டாகிவிட்டது. பவன்குமாருக்கு ஒன்றுமில்லை என்று தலைவர் கையை முட்டியாக மடக்கிக் காட்டியிருக்கிறார். குரவய்யாவுக்கு மடக்கிய முட்டி முழு நூறாகத் தெரிந்திருக்கிறது.

கௌஸ்துப்பின் அப்பா வந்து வராந்தாவில் உட்கார்ந்துகொண்டார். பவன்குமாரின் அப்பாவும் வந்தார், இனிப்பு டப்பாவோடு. தவறு நடந்துவிட்டது என்று சொன்னால் எது சரி என்று காட்டக் காகிதம் வேண்டும். காகிதம் இல்லை. எனவே துறை ஒரு முடிவுக்கு வந்தது. தவறு நடக்கவில்லை, ஆனால் தேர்வு முழுவதும் மறுபடி நடக்கும். இந்தத் தடவை ஒரு தொழில்துறை வல்லுநர் உடனிருப்பார். அந்த வல்லுநரைக் கூட்டிவரும் பொறுப்பு என்னுடையது.

மாங்காய் சீசனில் ஒரு நாளை விட்டுவிட்டு வருவதென்றால் நைனாவுக்குக் கையை வெட்டிக்கொள்கிற மாதிரி. ஆனாலும் ஜூன் எட்டு, செவ்வாய்க்கிழமை காலை பாகாலா வழியாக முதல் பஸ்ஸைப் பிடித்து வந்துவிட்டார். வெள்ளை வேட்டி கட்டியிருந்தார். தலைவர் அவரைத் தொட்டுணர் தொடர்பியல் வல்லுநர் முனிசாமி அவர்கள் என்று அறிமுகப்படுத்தி ஜரிகைச் சால்வையைப் போர்த்தினார். நைனா அதை மரியாதை என்று நினைக்கவில்லை, வேலைக்குக் கொடுத்த சாமான் என்று நினைத்தார். உடனே தோளிலிருந்து எடுத்து உதறி இரண்டு பேர் கைமேலும் போட்டுவிட்டு, "பத்துல" என்று சத்தமாகச் சொன்னார். அந்தத் துறையில் இரண்டு வருடத்தில் நான் கேட்ட முதல் தெளிவான வார்த்தை அது.

எட்டுப் பேருக்கும் ஒரு மணி நேரத்தில் முடிந்தது. கௌஸ்துப்புக்கு எண்பத்தைந்து எண்பத்தைந்தாகவே வந்தது. பவன்குமாருக்கு மடக்கிய முட்டி பூஜ்யமாகவே போயிற்று. கடைசிப் பெயர் என்னுடையது. நான் உள்ளே போய் வணக்கம் சொன்னேன். நைனா சால்வையை மடித்து மேஜைமேல் வைத்துவிட்டு எழுந்து நின்றுகொண்டார்.

என்ன ஆயிற்று என்று குரவய்யா கேட்டார்.

"இது எம் பொண்ணு சார். நம்ப சரக்குக்கு நாமளே தரகு பண்றது கெடையாது. தெரிஞ்சா நாளைக்கி மண்டில எவனும் எங்கிட்ட கைய நீட்ட மாட்டான்."

தலைவர் சிரித்தார். மணி பன்னிரண்டு ஆகியிருந்தது, அவருக்குப் பசி வேறு. நீங்கள் பெரிய மனுஷர், தூர தேசத்திலிருந்து வந்திருக்கிறீர்கள், எத்தனை வேண்டுமோ நீங்களே சொல்லிவிடுங்கோ, தொண்ணூறு போதுமா என்று கேட்டார். தொண்ணூறு என்று காதில் விழுந்ததும் எனக்கு, வாங்கிக்கோ நைனா, கேக்குறதுக்கு இங்க யாரு இருக்கா என்று கத்த வேண்டும்போல இருந்தது. கத்தவில்லை. அனுமதி வாங்கவில்லையே.

நைனா மேஜைமேல் இருந்த என் ஆய்வேட்டைப் பார்த்தார். அது பழுப்பு உறைக்குள் இருந்தது. நான் நான்கு வாரத்துக்கு முன் கொடுத்தபோது சந்திரம்மா வைத்த அரக்கு முத்திரை அப்படியே இருந்தது. அதன்கீழ் மற்ற எட்டு உறைகளும் அதே மாதிரி இருந்தன.

"பிரிச்சிப் பாத்தீங்களா சார்?"

குரவய்யா உறையைத் திருப்பி முத்திரையைப் பார்த்தார்.

"நாங்க கூடைல கைய வுட்டு, அடில இருக்கற பழத்த ஒண்ண எடுத்து, அறுத்து வாயில போட்டுப் பாத்துட்டுதான் கையையே நீட்டுவோம். பாக்காம வெல சொல்றவன மண்டிக்குள்ள வுட மாட்டாங்க."

அவர் அதிகாரமாகச் சொல்லவில்லை. தெரியாதவர்களுக்கு எடுத்துச் சொல்கிற மாதிரிதான் சொன்னார். ஆய்வேட்டைத் தேர்வாளர்கள் படிக்க வேண்டும் என்று விதி எதுவும் இல்லை என்று தலைவர் விளக்கினார். அப்படியென்றால் காதால் கேட்கலாமா, அதற்குத் தடை உண்டா என்று நைனா கேட்டார். சந்திரம்மா விதிப்புத்தகத்தை எடுத்து முன்னும் பின்னும் புரட்டினார். கேட்பதற்குத் தடை இல்லை. இருந்திருந்தால் கேட்டல் என்ற தாளே இருக்க முடியாது.

தலைவர் ஜன்னலைப் பார்த்தார், கதவைப் பார்த்தார். இப்போது எழுந்து போனால் அடுத்த வாரம் ஆகாசராமண்ணா என்ன எழுதுவார் என்று அவர் மனதுக்குள் ஒரு கடிதம் ஓடியது எனக்கே தெரிந்தது. உட்கார்ந்துவிட்டார். நான் அரக்கை உடைத்து முதல் பக்கத்திலிருந்து வாசிக்க ஆரம்பித்தேன்.

எண்பத்துநான்கு பக்கம். இரண்டே முக்கால் மணி நேரம். முதல் பத்துப் பக்கம் இருவரும் கடிகாரத்தைப் பார்த்தார்கள். பதினேழாம் பக்கத்தில் தலைவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். முப்பத்தொன்றாம் பக்கத்தில் குரவய்யா கையைக் காட்டி நிறுத்தி, விற்பவரும் வாங்குபவரும் ஒருவர்மேல் ஒருவர் சந்தேகப்பட்டால் தரகர் என்ன செய்வார் என்று கேட்டார். ரிஜிஸ்டர் எண் இல்லாமல் அந்த அறையில் கேட்கப்பட்ட முதல் கேள்வி அதுதான். சந்திரம்மாவுக்குக் கை தானாகப் பேனாவைத் தேடியது. நான் பதில் சொன்னேன். மூன்றாம் அத்தியாயத்தில் சொன்னதையே திருப்பித் திருப்பிச் சொல்லியிருக்கிறேன் என்று தலைவர் சொன்னார். உண்மைதான், சொல்லியிருந்தேன். ஆனால் ஐந்தாம் அத்தியாயம் நன்றாக இருக்கிறது, இதை ஏன் முதலிலேயே வைக்கவில்லை என்றும் கேட்டார். இரண்டு வருடத்தில் முதல் தடவையாக ஒரு வாத்தியார் என்னிடம் பேசினார். நைனா ஒரு வார்த்தை புரியாமல் கதவருகே ஸ்டூலில் அசையாமல் உட்கார்ந்திருந்தார்.

முடித்ததும் இருவரும் சால்வையைத் தொடவில்லை. தலைவர் குரவய்யாவைப் பார்த்துவிட்டு வாய்விட்டுச் சொன்னார், அறுபத்திரண்டு. குரவய்யா, அறுபத்திரண்டு சரி என்றார். நைனாவுக்கு நம்பர் புரிந்தது. அவர் என்னைப் பார்த்துத் தலையை ஆட்டினார். வெளியே வந்து வேப்பமரத்தடியில் நின்று நான் ஒரு மூச்சு அழுதேன். தொண்ணூறு போனதற்காக இல்லை. அறுத்துப் பார்த்துச் சொன்ன விலை அது, அதற்காகத்தான்.

புதன்கிழமை கடிதம் வந்துவிட்டது. ஆகாசராமண்ணா இந்தத் தடவை தன்னையே மிஞ்சியிருந்தார். ஒன்பது மாணவர்களில் எட்டுப் பேரின் ஆய்வேடுகளைத் திறக்காமலே மதிப்பெண் போட்டுவிட்டு, தேன்மொழி என்ற ஒரு மாணவிக்கு மட்டும் ஆய்வேட்டைத் திறந்து முழுவதும் கேட்டது அப்பட்டமான பாரபட்சம். சமத்துவத்தின் கழுத்தில் வைத்த கத்தி. எனவே ஒன்பதாவது மதிப்பெண்ணை ரத்து செய்ய வேண்டும் என்று எழுதியிருந்தார். மற்ற எட்டுப் பேருடையதையும் இனிமேலாவது படியுங்கள் என்று அவர் எங்குமே கேட்கவில்லை. யாருக்கும் அது தோன்றவில்லை.

என் சர்டிபிகேட் நிறுத்திவைக்கப்பட்டது. வெள்ளிக்கிழமை காலை விசாரணைக் கமிட்டி கூடியது. மூன்று பேர், அதில் ஒருவர் தாவரவியல். திங்கட்கிழமைக்கு நடுவில் இருந்தது சனியும் ஞாயிறும்தான். நான் வெளி பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். கதவு சரியாகச் சாத்தவில்லை, தலைவர் பேசுவது முழுக்கக் கேட்டது. செவ்வாய்க்கிழமை ஐந்தாம் அத்தியாயம் நன்றாக இருக்கிறது என்று சொன்ன அதே குரல்.

"இருபத்தாறு வருஷ சர்வீஸில் ஒரு மாணவரின் ஆய்வேட்டைக்கூட நான் திறந்தது கிடையாது. அதுதான் என் நடுநிலைமை. எல்லாரையும் சமமா நடத்தியிருக்கேன். அந்தப் பொண்ணு வாசிச்சது வாஸ்தவம். நான் அங்கே உட்கார்ந்திருந்ததும் வாஸ்தவம். ஆனா காதில் வாங்கிண்டேன்னு யாராலும் நிரூபிக்க முடியாது."

கமிட்டி அதைப் பாராட்டியது. குரவய்யாவிடமிருந்து ஒரு ஃபேக்ஸ் வந்திருந்தது. மாணவி வாசித்ததில் தனக்கு ஒரு வரிகூடப் புரியவில்லை, எனவே பாரபட்சத்துக்கு வாய்ப்பே இல்லை என்று உறுதிமொழி கொடுத்திருந்தார்.

பிறகு என்னைக் கூப்பிட்டார்கள். தாவரவியல்காரர்தான் பேசினார், நல்ல மனிதர், தண்ணீர் கொடுக்கச் சொன்னார். மார்க்கைப் பற்றிக் கமிட்டிக்கு ஒரு ஆட்சேபணையும் இல்லை, மற்ற எட்டுப் பேரோடு நானும் சமமாக நடத்தப்பட்டேன் என்று தெரிந்தால் போதும் என்றார். ஒரு தாளை நகர்த்தினார். டைப் செய்து தயாராக இருந்தது. என் ஆய்வேட்டைத் தேர்வாளர்கள் படிக்கவோ கேட்கவோ இல்லை என்று நான் மனப்பூர்வமாக அறிவிக்கிறேன். கீழே என் பெயர், மேலே கையெழுத்துக்கு இடம்.

நான் அதை இரண்டு தடவை படித்தேன். பின்னால் நின்ற சந்திரம்மா குனிந்து, அம்மா என்கிற மாதிரி தல்லி என்று கூப்பிட்டு, என் காதில் சொன்னார்.

"கேக்கலன்னு எழுதினா சர்டிபிகேட்டு, தல்லி. கேட்டாங்கன்னு எழுதினா கேசு. கேசு ரெண்டு வருசம் ஓடும்."

இரண்டு வருடம் பலகையில் என் பெயர் தொங்கும். திங்கட்கிழமை எட்டு மணிக்கு கேட்டில் வேறு ஒருத்தி நிற்பாள். நான் கையெழுத்துப் போட்டேன். மூன்று பிரதியிலும் போட்டேன். நான்கு மணிக்கு சர்டிபிகேட் என் கையில் இருந்தது. சந்திரம்மாவே பிளாஸ்டிக் உறையில் போட்டுக் கொடுத்தார். வெளியே வந்து அந்தக் கட்டடத்தைக் கேட்கக் கூடாத வார்த்தையில் திட்டினேன். திட்டி என்ன, என் கையெழுத்து உள்ளே பத்திரமாக இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை சர்டிபிகேட்டைக் காட்டச் சித்தூர் மண்டிக்குப் போனேன். சீசன் உச்சம். நுழைவிலிருந்தே லாரி வரிசை கட்டி நின்றது. கூடை தூக்குகிறவர்கள், வியாபாரிகள், மாங்கூழ் ஃபாக்டரிக்குச் சரக்கு எடுக்க வந்தவர்கள் என்று கால் வைக்க இடமில்லை. நான் போய்ச் சேருவதற்கு முன்னாலேயே எல்லாரும் என்னைத் தெரிந்த மாதிரிப் பார்த்தார்கள். டீக்கடைக்காரர், நீதான் அந்தப் புஸ்தகம் எழுதின பொண்ணா என்று கேட்டு காசு வாங்க மறுத்தார்.

நைனா என்னைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய், தன்னோடு வேலை பார்க்கும் தரகர் தணிகாசலத்தின் முன் நிறுத்தினார். தணிகாசலம் நாலைந்து நாளாக இதை நம்ப மறுத்துக்கொண்டிருந்தாராம். படித்தவர்கள் உட்கார்ந்து இவன் மகள் எழுதியதைக் கேட்டார்களா, சும்மா கதை விடுகிறான் என்று சொன்னாராம். நைனா சர்டிபிகேட்டைப் பிரித்து அவர் கையில் கொடுத்தார். விரலால் என் மார்க்கைத் தொட்டுக் காட்டினார். பிறகு சுற்றி நின்ற எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னார்.

"ரெண்டு ப்ரொபசருங்கடா. ஒக்காந்து, மூணு மணி நேரம், ஒரு பக்கம் வுடாம கேட்டாங்கோ. எங் கண்ணால பாத்தேன்."

தணிகாசலம் என்னைப் பார்த்தார். "நெசமா பாப்பா?"

மண்டியில் அத்தனை பேரும் என் வாயைப் பார்த்தார்கள். நைனா சிரித்தபடி நின்றார். அவர் சொன்னதில் ஒரு எழுத்து பொய் இல்லை. ஆமாம் என்று சொன்னேன். என் வாயால் சொன்னேன். எனக்கே நான் பொய் சொல்கிற மாதிரி இருந்தது.